துடைப்பம் தொடாத திங்கட்கிழமை

உட்கார்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தவளுக்கு உடம்பு ஏன் இப்படி அடித்துப் போட்டாற்போல் வலிக்க வேண்டும்? திருச்சியில் அக்கா வீட்டில் இருந்த சனி, ஞாயிறு முழுக்க நான் ஒரு துரும்பைக்கூட நகர்த்தவில்லை. சொந்தக்காரர்கள் வீடு வீடாகப் போனோம். எல்லா வீட்டிலும் காபி குடித்தோம். "இளைச்சிட்டியே" என்று எல்லாரும் சொன்னதை வெட்கமில்லாமல் நம்பினேன். அதற்கே இந்தப் பாடு. திங்கள் விடிகாலை மாம்பலத்தில் ரயிலை விட்டு இறங்கி, ஆட்டோ பிடித்து அடையாறு வந்ததும், பையை ஹாலில் போட்ட கையோடு நானும் என் கணவரும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்துவிட்டோம். நல்லவேளை, இரண்டு பேருமே ஆபீசுக்கு லீவு சொல்லியிருந்தோம்.

கண் விழித்தபோது பால்கனி வெயில் இறங்கிப் போயிருந்தது. எந்த ஊரில் இருக்கிறேன் என்று கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. பிடிபட்டதும் முதலில் நினைவுக்கு வந்தது அக்காதான். வந்து சேர்ந்த விவரத்தை நான் சொல்லவே இல்லை.

எங்கள் குடும்பத்தில் இது சின்ன விஷயம் கிடையாது. ஊருக்குக் கிளம்பியவர்கள் போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை வீட்டைப் பெருக்கக் கூடாது. பெருக்கினால் போனவர்களையே வாரி வெளியே தள்ளியதுபோல் ஆகிவிடுமாம். யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது. படித்தவர்கள், படிக்காதவர்கள் எல்லாருமே கடைப்பிடிக்கிறோம். ரயிலுக்குக் கிளம்பும்போதும் அக்கா வாசலில் நின்று சொன்னாள்: "போனதும் ஒரு வார்த்தை சொல்லிடு. அதுவரைக்கும் நான் தொடப்பத்தைத் தொட மாட்டேன்."

அக்காவுக்கும் துடைப்பத்துக்கும் இடையில் வேறொரு கதை உண்டு. மாமா இறந்த பிறகு அவள் தனியாக இருக்கிறாள். தூக்கம் வருவதில்லை. படுப்பாள், புரளுவாள், எழுந்து விளக்கைப் போட்டு வீட்டைப் பெருக்க ஆரம்பிப்பாள். பெருக்கிய இடத்தையே மறுபடியும் பெருக்குவாள். நாற்காலி இழுபடும் சத்தம் தாங்காமல் கீழ் வீட்டு அம்மா என்னிடமே போனில் சொல்லிக் குறைப்பட்டிருக்கிறார். உண்மையில் அவள் எப்படி இருக்கிறாள் என்று பார்க்கத்தான் நாங்கள் போனதே. ஹாலில் வரிசையாக மெத்தை விரித்துப் படுத்தபோது ஓரக்கண்ணால் பார்த்தேன். மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் கேட்டால், "நல்லாத் தூங்கினேனே" என்கிறாள். இப்படியே போனால் இவள் உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று எனக்குப் பயமாக இருந்தது.

போனை எடுத்துப் பார்த்தேன். அவளிடமிருந்து ஒரு அழைப்புகூட இல்லை. தாம்பரம் தாண்டுவதற்குள் கூப்பிட்டு நச்சரிக்கிறவள், மத்தியானம் முழுக்க எப்படிச் சும்மா இருந்தாள்? நான் கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

"கோயிலுக்குப் போயிருப்பாங்க" என்றார் கணவர், கண்ணைத் திறக்காமலே.

"வீட்டைப் பெருக்காம எங்க அக்கா கோயிலுக்குப் போவாளா?"

இப்போது அவர் கண்ணைத் திறந்தார். எழுந்து உட்கார்ந்தார். கீழ் வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு, கொஞ்சம் மேலே போய்ப் பார்க்கச் சொன்னேன். அவர் படியேறும் மூச்சிரைப்பு போனில் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு சத்தமே இல்லை.

"தூங்குறாங்கம்மா" என்றார் அந்த அம்மா. ரகசியம்போல் குரலைத் தாழ்த்தியிருந்தார். "ஜன்னல் வழியாப் பாத்தேன். நீங்க படுத்துட்டுப் போன மெத்தையெல்லாம் அப்படியே கெடக்கு. நட்ட நடுவுல படுத்திருக்காங்க. குறட்டை வாசல் வரைக்கும் கேக்குது. எழுப்பட்டுமா?"

"வேண்டாம்மா, வேண்டாம்" என்றேன். அழுகை வந்துவிட்டது. அவரும் சத்தமில்லாமல்தான் படியிறங்கியிருக்க வேண்டும், ஒரு காலடிகூட எனக்குக் கேட்கவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் அக்காவே கூப்பிட்டாள். குரல் கனத்திருந்தது. "போன் அடுப்படில கெடந்துச்சு, காதுல விழலை. வந்து சேந்துட்டீங்களா?"

"அதை விடு. எப்படித் தூங்கினே?"

"என்னடி கேள்வி இது? உன் போன் வரட்டும்னு உக்காந்திருந்தேன். பெருக்கவும் கூடாது, மெத்தையைச் சுருட்டவும் மனசு வரலை. வேற வேலை இல்லை. சும்மா சாஞ்சேன்."

"கனவு ஏதாவது வந்துச்சா?"

"ஒண்ணும் வரலை. ஏன் இப்படித் துருவுறே? வந்து சேந்துட்டீங்கல்ல, அப்ப நான் வீட்டைப் பெருக்கிடறேன்."

நான் ஹாலில் கிடந்த பையைப் பார்த்தேன்.

"இன்னும் முழுசா வந்து சேரலை அக்கா. பையைப் பிரிக்கலை. பிரிச்சாத்தான் சேந்த மாதிரி."

"இது எந்த ஊர்ச் சாஸ்திரம்?"

"அடையாறு சாஸ்திரம். பிரிச்சதும் நானே கூப்பிடறேன். அதுவரைக்கும் தொடப்பத்தைத் தொடாதே."

அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. பதிலுக்கு நீளமாக ஒரு கொட்டாவிதான் கேட்டது. போனை வைத்துவிட்டாள்.

டீ போட்டு எடுத்து வந்தபோது கணவர் பையின் முன்னால் குந்தியிருந்தார், ஜிப்பில் கை.

"உங்க அக்கா குடுத்த முறுக்கு இதுலதானே இருக்கு?"

"கையை எடுங்க" என்றேன். "அதைப் பிரிச்சா அங்க அவ எழுந்துடுவா."