தோற்றவர்களைத் தேடும் பூமாலை

ஒலிம்பிக் கமிட்டிக்கே ஒரு பதக்கத்தில் சந்தேகம் வந்தால் திண்டிவனத்துக்குத்தான் போன் வரும். பூமாலையக்கா எடுக்க மாட்டார். அந்நேரம் அவர் தரையில் சம்மணம் போட்டு, என்றோ யாரோ ஜெயித்த பித்தளைக் கோப்பையை மடியில் கிடத்தி, பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பார். கைப்பிடி வளைவுக்குள் விரல் விடும்போது நாக்கின் நுனி வெளியே வரும். "ஆடாத. சும்மா இரு" என்று கோப்பையை அதட்டுவார்.

அருங்காட்சியகம் என்று வெளியே எழுதியிருந்தாலும் உள்ளே மல்லாட்டை வாசனைதான், வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர். பழைய மல்லாட்டைக் கிடங்கு அது. சுற்றுவட்டாரத்து வீரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்குமாக ஒரு விளையாட்டுக் கழகம் அதை வாடகைக்கு எடுத்தது. ஆணி தேய்ந்த ஓட்டக் காலணிகள், பல் பதிந்த விசில் ஒன்று, ஒரு பயிற்சியாளர் முப்பது வருஷம் மிதித்த சைக்கிள், நூற்றுப் பன்னிரண்டு கோப்பைகள். அதே கிடங்கில் பதினோரு வருஷம் மல்லாட்டை உரித்தவர் பூமாலை. "கெடங்கைக் குடுக்கும்போது என்னையும் சேத்துக் குடுத்துட்டாங்க போல" என்பார். பெருக்க வந்தவர், இப்போது சாவி அவர் இடுப்பில்.

அவர் எந்த விளையாட்டும் ஆடியதில்லை. "நான் ஓடுனதெல்லாம் ஆட்டுக்குப் பின்னாடி. ஆடுதான் ஜெயிக்கும்."

நம் ஊர்க் கோப்பைகளுக்கு ஒரு குணம் உண்டு. கொடுத்தவர் பெயர் இனிஷியலோடு, கடைப்பெயரோடு, சிலதில் போன் நம்பரோடுகூடப் பொறித்திருக்கும். ஜெயித்தவர் பெயர் இருக்காது. பெயர் வெட்டுவது ஆட்டத்துக்கு முந்தின வாரம். யார் ஜெயிப்பார் என்று வெட்டுகிறவனுக்கு எப்படித் தெரியும்? பூமாலைக்கு இது பொறுக்கவில்லை. "கல்யாணப் பத்திரிகையில சமையல்காரன் பேரை மட்டும் அடிச்ச மாதிரி இருக்குது. பொண்ணு மாப்பிள்ள எங்க?"

தேடத் தொடங்கியதும் வேறொரு சிக்கல் வந்தது. ஒரு கோப்பையைக் காட்டினால் நாலு ஊர் நெஞ்சைத் தட்டியது. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை பிடிபட்டது. ஜெயித்தவனைக் கேட்பதை விட்டார், தோற்றவனைத் தேடினார். "ஜெயிச்சவன் வருஷத்துக்கு ஒரு பாயிண்டு ஏத்திக்கினே போவான். தோத்தவன் கணக்கு மாறாது. யாரு கால வாரினான், எந்தப் பக்கம் வெயிலு, எல்லாம் சொல்லுவான். உள்ள எரிஞ்சிக்கினே இருக்குதில்ல?"

இப்படியே நூற்றுப் பதினோரு கோப்பைகளுக்குப் பெயர் கண்டுபிடித்துவிட்டார். பாக்கி ஒன்றே ஒன்று, அதுவும் எல்லாவற்றிலும் பெரியது. இடுப்பு உயரம். தொண்ணூற்றாறில் விழுப்புரத்தில் நடந்த பெண்கள் கபடிக்கான சுழற்கோப்பை. அந்த ஒரு வருஷத்தோடு போட்டியும் நின்றது, கோப்பையும் கழகத்திலேயே தங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. கழகத் தலைவர் ஆனந்தராஜ் கறாராகச் சொல்லிவிட்டார்: "ஞாயித்துக்கிழமைக்குள்ள பேரு கெடச்சா போடலாம். இல்லன்னா குடுத்தவரு பேரு போதும்மா. அவருதான் திறந்துவைக்க வர்றாரு."

திங்கட்கிழமையிலிருந்து பூமாலை தினமும் சாயங்காலம் கண்டமங்கலம் பஸ் நிறுத்தத்தில் நின்றார். ஆட வந்த அணிகளில் கண்டமங்கலமும் ஒன்று என்பது மட்டும் தெரியும். புதுச்சேரியில் வேலை முடிந்து பெண்கள் கும்பலாக இறங்கும்போது, மீன்காரி தோற்றுப்போகும் குரலில் கூவுவார்: "தொண்ணூத்தாறுல விழுப்புரம் ஃபைனல்ல தோத்தவங்க யாருனா இருக்கீங்களா?"

சிரித்தார்கள். ஒருத்தி, "நான் போன வாரம் மாமியார்கிட்ட தோத்தேன், பரவால்லியா?" என்றாள். பூமாலை அசரவில்லை. புதன்கிழமை, சாப்பாட்டுக் கூடையோடு இறங்கிய ஒரு அம்மாள் நாலடி போய் நின்று, திரும்பி வந்தார்.

"நாங்க ஒண்ணும் தோக்கல. தோக்கடிச்சாங்க."

அவர்தான் லூர்துமேரி. பெயர் சொல்வதற்கு முன்னால் ஸ்கோரைச் சொன்னார்: "இருவத்தொண்ணு, பத்தொம்போது. அந்த ரெண்டு பாயிண்டு இன்னும் என் முழங்கால்லதான் இருக்குது, மழை வந்தா வலிக்கும்." அப்புறம் எதிரணிப் பெயர்களை விரல்விட்டு எண்ணினார், ஏழும் வந்தன. "கேப்டன் இளவரசி. குயிலாப்பாளையம். கடைசி ரெய்டுல என் கணுக்காலப் புடிச்சா பாரு, கெணத்துல வாளி மாட்டுன மாதிரி. பேஜாரு புடிச்ச பொம்பள. நல்லா இருக்காளா?"

வியாழக்கிழமை பூமாலை குயிலாப்பாளையம் போனார். ஆரோவில்லில் சமையல்கூடத்தில் வேலை பார்க்கும் இளவரசி முதலில் நம்பவில்லை. "அந்தக் கப்பு இன்னும் இருக்குதாக்கா? அத நாங்க அர மணி நேரம்தான் வச்சிருந்தோம்."

சனிக்கிழமை ஏழு பெயரோடு பூமாலை வந்தால், அந்தப் பெரிய கோப்பை நின்ற பீடத்தின் முகப்பில் பளபளவென்று ஒரு பித்தளைத் தகடு. நாலு மூலையிலும் திருகாணி. "அன்பளிப்பு: ரா. பாண்டுரங்கன், அரிசி மண்டி." ஆனந்தராஜ் கைக்குட்டையால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வரைக்கும் நேரம் குடுத்தீங்களே சார்."

"கெடைக்காதுன்னு நெனச்சிட்டேம்மா. விடு, பேரைப் பின்னாடி ஒட்டிக்கலாம்."

"பின்னாடி செவுரு சார். பல்லிதான் படிக்கும்."

பூமாலை நேரே, கோப்பைகளுக்குப் பெயர்ச்சீட்டு எழுதுகிற என்னிடம் வந்து, "ஏழு பேரு. எழுத்து பெருசா இருக்கட்டும்" என்றதோடு சரி.

ஞாயிறு காலை கதவைத் திறந்தபோது தகட்டைக் காணோம். அந்த இடத்தில் வெள்ளை அட்டையில் ஏழு பெயர்கள். ஆனந்தராஜ் மேசைக்கு அடியில் தேடினார், பூந்தொட்டிக்குள் தேடினார், நாதஸ்வரக்காரர் பையைக்கூடச் சந்தேகமாகப் பார்த்தார். பூமாலை, "மொதல்ல வர்றவங்களுக்குத் தண்ணி குடுங்க சார்" என்றார். அதற்குள் கார் வந்துவிட்டது.

பாண்டுரங்கன் எழுபதைத் தாண்டியவர். அட்டை அருகே குனிந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் படித்தார். ஆனந்தராஜுக்கு வியர்த்தது.

"இவங்கதான் ஜெயிச்சதா? எனக்கே இன்னிக்குத்தான் தெரியுது. அன்னிக்குக் கப்பைக் குடுத்துட்டு ஜல்தியா கடையத் தொறக்கப் போயிட்டேன். எங்க அவங்க?"

பூமாலை சொல்லியனுப்பி வந்து வாசலில் நின்றார்கள். ஏழு பேரும். ஒருத்தர் கையில் பேரன், ஒருத்தர் வேலைச் சீருடையோடு. பூமாலை கோப்பையைக் காட்டி, "எடுங்கம்மா, அர மணி நேரக் கணக்கெல்லாம் கெடையாது" என்றார். ஆறு பேர் பிடித்தும் ஒரு பக்கம் சாய்ந்தது. ஏழாமவர் பேரனை இறக்கிவிடுவதற்குள் லூர்துமேரி முண்டியடித்துக்கொண்டு வந்து அடியில் தோள் கொடுத்தார்.

"தூக்குங்கடி! அன்னிக்கு என்னைத் தூக்கிப் போட்டீங்களே, அந்த பலம் எங்க போச்சு?"

கோப்பை தலைக்கு மேல் போனது. மேளக்காரர் யாரும் சொல்லாமலே அடித்தார். "குயிலாப்பாளையம்!" என்று இளவரசி கத்த, அந்தத் தகரக்கூரையே திருப்பிக் கத்தியது. கைதட்டல் எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியாது. ஆனந்தராஜும் தட்டினார், அதுவும் எல்லாருக்கும் கடைசியாகத்தான் நிறுத்தினார்.

கூட்டம் பந்திக்குப் போனது. பூமாலை பீடத்தின் முன் மண்டியிட்டு, அட்டைக்குக் கீழே சாணளவு இடத்தை முந்தானையால் துடைத்தார். நான் மெல்ல வாசல் பக்கம் நழுவினேன்.

"டேய், நில்லு."

"என்னக்கா? நான் தகட்டப் பாக்கவே இல்ல."

"தகட்ட யாரு கேட்டா? அது சைக்கிளுக்குப் பின்னாடி இருக்குது, காலையிலயே பாத்துட்டேன். அவரு காசு போட்டு வாங்கிக் குடுத்தவருடா, அவரு பேரும் இருக்கணும். கீழ இருக்கட்டும்."

திரும்பிப் பார்க்காமலே, என் சட்டைப்பையில் கிடந்த திருகாணிகளுக்காக உள்ளங்கையைப் பின்பக்கம் நீட்டினார்.