கத்திக்கு ஒரு பொட்டு

மர்பி டவுனில் எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு வெள்ளைக்கார ஜெனரல் இருக்கிறார். இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே யாரோ ஒரு ஓவியர் செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, மை தடவி அச்செடுத்த படம். டிரைபாயிண்ட் என்பார்கள். பழைய பங்களா ஒன்றைக் காலி செய்தவர்களிடம் வாங்கினேன். ஜெனரல் மேல் எனக்கு மரியாதையெல்லாம் கிடையாது. அந்த மீசையில் ஊசி விட்டுச்சென்ற வெல்வெட் கறுப்புக்காகத்தான் மாட்டி வைத்திருக்கிறேன்.

ஆயுத பூஜையன்று என் மனைவி மிக்சி, ஸ்கூட்டர், தையல் மெஷின் என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தாள். நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால் ஜெனரல் படத்திலும் குங்குமம். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

“இந்த வெள்ளைக்காரனுக்கெல்லாமா பூஜை போடுவ?”

“எங்க வெச்சிருக்கேன்னு கிட்ட போய்ப் பாருங்க.”

போய்ப் பார்த்தேன். நெற்றி வெறுமையாகத்தான் இருந்தது. பொட்டு, அவர் இடுப்பில் தொங்கிய கத்தியின் பிடியில் இருந்தது.

பொரியை அள்ளி என் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்: “பூஜை கத்திக்கு, அந்தாளுக்கு இல்ல. நம்ம வீட்ல ஆயுதம்னு வேற என்ன இருக்கு?”