வெட்டிய பூக்கள்

நாட்டில் சண்டை முடிந்த வருஷத்து நோன்புப் பெருநாளுக்கு என் தங்கச்சி செய்த கேக்கைப் பற்றித்தான் ஊரெல்லாம் கதை. கேக்கை யார்தான் செய்யவில்லை? நானும் செய்தேன். என்னுடையது கடல் அடித்த மதில் போல ஒரு பக்கம் சரிந்து நின்றது. அவளுடையதில் வெள்ளை ஐசிங்கின் மேல் சிவப்புப் பூக்கள், மருதமுனை நெசவுச் சாரிக் கரை போல, ஒன்றுக்கொன்று மயிரிழை பிசகாமல். மாமிமார், மச்சிமார் எல்லோரும் அவளுக்குக் கைராசி என்றார்கள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

இது இன்று நேற்று வந்த பொறாமை இல்லை. எங்கள் பக்கத்தில் கலியாணத்தோடு பெண்ணுக்கு வீடு கொடுப்பார்கள். எனக்கு வாப்பா புதிதாகக் கட்டித் தந்தார். உம்மா இருந்த வீடு தங்கச்சிக்கு. வீட்டோடு உம்மாவும் அவளுக்கு. பிறகு சுனாமி வந்து அந்த வீட்டைக் கொண்டுபோனது. உப்புத் தண்ணீர் குடித்துப் பிழைத்த உம்மா, நெஞ்சு வருத்தத்தோடு சில மாதம் இருந்து மவுத்தானார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது நான். கண்ணைத் திறந்தால் உம்மா தேடியது அவளை. ஆல்பமெல்லாம் கடலோடு போய்விட்டதால், உம்மாவின் முகத்தைப் பார்க்க ஒரு போட்டோகூட எங்களிடம் இல்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல்நாள், உதவி செய்யப் போவதாகச் சொல்லிக்கொண்டு சுனாமிக்குப் பிறகு கிடைத்த அவள் வீட்டுக் குசினிக்குப் போனேன். அந்தப் பூ எப்படி வருகிறது என்று களவாகப் பார்க்கத்தான் போனேன். காய்ந்திருந்த வெள்ளை ஐசிங்கின் மேல் அவள் ஒரு கறுப்புத் தகட்டை வைத்தாள். அதில் சவர பிளேடால் பூப்பூவாக வெட்டியிருந்தது. சிவப்பு ஐசிங்கை அதன் மேல் கத்தியால் மெல்லிசாக இழுத்துவிட்டு, ஒரு முனையிலிருந்து தூக்கினாள். பூக்கள் கேக்கில் நின்றன. அட, இவ்வளவுதானா கைராசி!

"இது என்ன தகடு?"

"எக்ஸ்ரே படம் ராத்தா."

"எனக்கும் ஒருக்காத் தாவன்."

கழுவித் தந்தாள். ஈரம் போயிற்றா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பூக்களுக்கு நடுவே வெள்ளையாக நெஞ்செலும்புகள். மூலையில் உம்மாவின் பெயர்.

"இது நான் கூட்டிப் போய் எடுப்பிச்ச படம். உன்னட்ட எப்பிடி வந்திச்சு?"

"ஆஸ்பத்திரியில இருந்து உம்மாட உடுப்புப் பையோட வந்திச்சு."

"இத வெட்ட உனக்குக் கை வந்திச்சா?"

அவள் கேக்கிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "பெட்டிக்குள்ள கிடந்து பூஞ்சணம் புடிக்கிது ராத்தா. உம்மா இருக்கக்குள்ள பெருநாளைக்கு ஒரு வூட்டையும் விடமாட்டா, தட்டுத் தட்டா அனுப்புவா. இப்பயும் உம்மா எல்லார் வூட்டுக்கும் போகட்டும் எண்டுதான் வெட்டினன்."

இந்த யோசனையும் அவளுக்குத்தான் வரவேண்டுமா என்று இன்னும் எரிந்தது. தகட்டை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

பெருநாளன்று குர்பான் இறைச்சியோடு அவள் வீட்டுத் தட்டும் வந்தது. மூடியிருந்த துணியை எடுத்துப் பார்த்தேன். எனக்கு வந்த கேக் துண்டில் பாதிப் பூதான் இருந்தது. அதை அப்படியே வைத்துவிட்டு, மற்றப் பாதி எந்த வீட்டுக்குப் போனது என்று விசாரிக்கப் புறப்பட்டேன்.