யசோதரா தைத்த பன்னிரண்டு துணிப் புத்தகங்கள்

யசோதராவும் நானும் திருவொற்றியூரில் ஏற்றுமதிச் சட்டை தைக்கும் ஒரு கம்பெனியில் பதினாறு வருடமாகப் பக்கத்துப் பக்கத்து மிஷின். இருவருக்கும் பட்டன் வேலை. என்னைவிட அவளுக்குக் கை வேகம், வாய் குறைவு. இரண்டும் எனக்கு நேர் எதிர் என்று சூப்பர்வைசர் சொல்வார். அவருக்கு வேறு வேலை என்ன.

அவள் வீடு வியாசர்பாடி ஹவுசிங் போர்டில். வீட்டுக்காரர் டில்லிபாபு துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். ஒரே மகள் மகிழினி. மூன்று வயதில் அவளை பஸ்ஸில் ஏற்றினால் ஊரைக் கூட்டுவாள். செல்போனைக் கொடுத்தால் அடங்குவாள், வாங்கினால் மறுபடி ஆரம்பிப்பாள். அதற்காகத்தான் யசோதரா கம்பெனியில் கழித்துப் போடும் துண்டுத் துணிகளைக் கேட்டு வாங்கி முதல் புத்தகத்தைத் தைத்தாள். துணியிலேயே ஆறு பக்கம். ஒன்றில் முதலை, அதன் வாய் ஒரு ஜிப். ஒன்றில் காசிமேட்டுப் படகு, வலைப் பைக்குள் கையை விட்டால் துணி மீன் வரும். ஒன்றில் நாடா கட்டிப் பழக ஒரு ஷூ. கடைசியில் அப்பாவின் லாரி, சக்கரத்துக்கு நான்கு கறுப்புப் பட்டன். வியாசர்பாடியிலிருந்து தாம்பரம் வரை மகிழினி வாயே திறக்கவில்லை.

பார்த்தவர்கள் எல்லாம் தங்கள் பிள்ளைகளுக்கும் கேட்டார்கள். ஊர்ப் பயணம் போகிறவர்கள் தேடி வர ஆரம்பித்தார்கள். அப்படி வந்தவள்தான் ரெஜி. ராயபுரத்தில் பாத்திர மொத்தக் கடை வைத்திருக்கும் வேதமாணிக்கத்தின் மருமகள். தன் இரண்டு வயதுப் பையன் அபினுக்கு ஒன்று கேட்டாள். அதோடு நிற்காமல் சர்ச்சில் தெரிந்த தாய்மார்களிடம் சொல்லி இன்னும் பதினொன்றுக்கு ஆர்டர் பிடித்துக் கொடுத்தாள். எல்லோரும் மே மாதம் நாகர்கோவில் பக்கம் ரயில் ஏறுகிறவர்கள். கையில் பத்து நாள்தான் இருந்தது.

"நாப்பத்தெட்டு பட்டனையும் கையாலயா தெச்சிகினு கீற? சாப்பாட்டு நேரத்துல மிஷின் சும்மாதானே கீது, வெச்சி அடிச்சிடு" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன்.

பட்டன் மிஷின் ஒற்றை நூலில் சங்கிலித் தையல் போடும். நுனியில் முடிச்சு விழாது. நுனி அவிழ்ந்தால் மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிடும். வெளியில் இருப்பவர்களுக்கு இது தெரியாது. எங்களுக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீடுகளில் புதுச் சட்டை எடுத்தால், போடுவதற்கு முன்பே எல்லாப் பட்டனுக்கும் கையால் ஒரு முடிச்சுப் போட்டுவிடுவோம். எங்கள் பிள்ளைகளின் சட்டைக்குச் செய்ததை ஊரார் பிள்ளைகளின் பொம்மைக்குச் செய்யாமல் விட்டோம். முடிச்சை வீட்டில் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் யசோதரா நினைத்தாள். நாள் நெருங்கியது, அப்படியே பக்கங்களை ஒட்டித் தைத்துக் கொடுத்துவிட்டாள்.

ரயில் விழுப்புரம் தாண்டியதும் அபின் லாரிச் சக்கரம் ஒன்றைத் திருகித் திருகிப் பிடுங்கி மூக்குக்குள் ஏற்றிவிட்டான். மூச்சுக்குத் தவித்த பிள்ளையை விருத்தாசலத்தில் இறக்கி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் பட்டனை எடுத்துவிட்டார். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த வாரம் ரெஜி, யசோதராவைத் தேடி வந்தாள்.

"ஒங்க மேல தப்பே இல்லக்கா. நான்தான் ஒரு நிமிசம் போனப் பாத்துட்டேன், அதுக்குள்ள புடுங்கிட்டான். ஒங்க புக்கப் பத்தி வெளிய எதும் பேச்சு வந்தா மனசுல வச்சுக்கிடாதீங்க, மன்னிச்சிருங்க. வீட்ல இப்ப பிள்ளைய என்கூடத் தனியா விட மாட்டேங்காங்க."

யசோதரா தலையை ஆட்டினாள். "பத்ரமா இரும்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். "அந்தப் பொண்ணு என்னாண்ட மன்னிப்பு கேட்டுட்டுப் போவுது. நான் தலயாட்டினு நிக்கறேன். நானெல்லாம் இன்னா மனுசி?"

"வுடு. புள்ள நல்லாத்தானே கீது."

"இன்னும் பதினோரு புக்கு கீதே" என்றாள்.

எனக்கும் அப்போதுதான் அது உறைத்தது. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான், ஆனாலும் பிடிக்கத்தானே வேண்டும். ஊருக்குப் போனவர்கள் திரும்பியதும் யசோதரா லீவு போட்டு ஒவ்வொரு வீடாகப் போனாள். உண்மையைச் சொல்லவில்லை. "புச்சா ஒரு பக்கம் சேத்துத் தரேன், துட்டு வாணாம்" என்று சொல்லிப் புத்தகங்களை வாங்கி வந்தாள். பட்டன்களை அறுத்துவிட்டு இரட்டை நூலில் தைத்து, மூன்று முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தாள். இரண்டு புத்தகத்தில் சக்கரம் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த அன்று நானும் உட்கார்ந்து தைத்தேன்.

திருப்பிக் கொடுக்கப் போன இடமெல்லாம் பாராட்டு. இந்தக் காலத்தில் யார் இப்படித் தேடி வந்து செய்கிறார்கள் என்று ஒரு அம்மா கேக் கொடுத்தனுப்பினாள். யசோதரா அதை என்னிடம் கொடுத்துவிட்டாள். நானும் தொடவில்லை.

"ரெஜியாண்ட எப்போ சொல்லப் போற?" என்றேன்.

"சொன்னா நம்மளாண்ட எவளும் இனிமே புக்கு வாங்க மாட்டாளேன்னு பயந்துட்டேன். இதான் நெஜம். வேற இன்னாத்த சொல்றது?"

இருபத்திரண்டு நாள் அந்த பயத்தோடு ஓட்டினாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு ராயபுரம் போனாள். வாசலிலேயே நின்று, மிஷின், முடிச்சு, மற்ற பதினோரு வீடு, எல்லாவற்றையும் ரெஜியிடம் சொல்லி முடித்தாள்.

ரெஜி கோபப்படவில்லை. "எல்லார் வீட்டுக்கும் போயிருக்கீங்கல்லாக்கா. எங்க வீட்டுக்கு வர மட்டும் ஏன் இத்தன நாளு?"

ரெஜி பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? மாமாகிட்டச் சொல்லுங்க" என்று உள்ளே கூட்டிப்போனாள். அவள் முகத்தில் ஒரு ஆசை தெரிந்தது. இதோ இப்போது எல்லாம் சரியாகிவிடும் என்கிற ஆசை. எனக்கும் அதே ஆசை.

வேதமாணிக்கம் அபினை மடியில் வைத்திருந்தார். யசோதரா சொன்னதை முழுவதும் கேட்டார். எங்களுக்குக் காப்பி போடச் சொன்னார்.

"பட்டன் கழலத்தான் செய்யும்மா. நாலு பேரு வீடேறிப் போயி சரி பண்ணிக் குடுத்திருக்கியே, அதுக்கு ஒரு மனசு வேணும்லா." காப்பியோடு வந்த மருமகளைப் பார்த்தார். "பாத்தியா ரெஜி? பொறுப்புன்னா என்னன்னு இந்தம்மாவப் பாத்துப் படிச்சுக்கோ."

யசோதரா எழுந்தே விட்டாள். "ஐயா, தப்பு என்னுது. அந்தப் பொண்ணு மேல ஒண்ணுமே இல்ல. நீங்க நான் சொன்னத—"

"அதான் சொல்லிட்டியேம்மா. பிள்ளையப் பாக்கது தாய் வேலைதான. ஒக்காந்து காப்பியக் குடி."

ரெஜி எங்கள் பக்கம் திரும்பாமல் காலித் தட்டோடு சமையலறைக்குப் போனாள். அபின் அம்மாவிடம் போகக் கையை நீட்டித் துள்ளினான். அவர் அவனை இறக்கி விடவில்லை.