என் பெயர் ஒட்டியிருந்த வளையல் பாக்கெட்

ஆடிப்பூரத்துக்கு முந்தின நாள் காலையில், ஒரு வார லீவு முடிந்து, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் பிடித்து ராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கும் நூல் மில்லுக்கு வந்தேன். என் மேஜையில், கீபோர்டுக்குப் பக்கத்தில், ஒரு பாக்கெட் இருந்தது. பச்சைக் கண்ணாடி வளையல், குங்குமம், மஞ்சள் கயிறு, ரவிக்கைத் துணி. மேலே ஒட்டியிருந்த லேபிளில் என் பெயர். பெயருக்குக் கீழே என் வளையல் அளவு.

என் கணவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது. நாற்காலியை இழுத்து உட்காரக்கூடத் தோன்றாமல் அந்த லேபிளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாக்கெட் எங்கள் மில்லுக்குப் புதிதல்ல. ஆண்டாளுக்கு வளையல் சாத்தும் நாளையொட்டி, முதலாளி வீட்டு அம்மா வருடா வருடம் மில்லில் வேலை பார்க்கும் சுமங்கலிகள் எல்லோருக்கும் கொடுத்துவிடுவார்கள். கிறிஸ்தவப் பெண்களுக்குக் குங்குமமும் கயிறும் இல்லாமல் வளையலும் துணியும் மட்டும் வைப்பார்கள். யார் மனமும் கோணிவிடக் கூடாது என்று அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்வார்கள். கணவரை இழந்தவர்களுக்குப் பாக்கெட் கிடையாது. அதுவும் மனம் கோணக் கூடாது என்பதற்காகத்தானாம்.

என் கணவர் இருந்தவரை எனக்கும் வந்தது. பிறகு வரவில்லை. வராதபடி பார்த்துக்கொண்டதும் நானேதான், ஏனென்றால் யார் யாருக்குப் பாக்கெட் என்ற பட்டியலே என் கம்ப்யூட்டரிலிருந்துதான் போகும்.

யாரோ கேலி செய்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பாக்கெட்டை எடுத்துக்கொண்டு நேராக டைம் ஆபீசுக்குப் போனேன். வருகைப் பதிவு பார்க்கும் அண்ணாச்சி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, இது யார் பார்த்த வேலை?"

அவர் லேபிளைப் படித்தார். "கம்ப்யூட்டர் குடுத்ததுதான மேடம். நீங்க லீவுல இருந்தீக. நீங்க சொல்லிக்குடுத்த பட்டனைத்தான் அமுக்குனேன். நானா ஒண்ணும் எழுதல."

"கம்ப்யூட்டருக்கு என் புருசன் செத்தது தெரியும். நான்தான் அதுக்குச் சொன்னேன்."

அவர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். நான் அவருடைய கம்ப்யூட்டரிலேயே தொழிலாளர் டேபிளைத் திறந்து, என் பெயரைத் தேடினேன். திருமண நிலை என்ற கட்டத்தில் "மணமானவர்" என்று இருந்தது. நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பிரிவில் இருக்கும் அக்காவைத் தேடினேன். அவர் கணவர் மகள் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்ச் சேர்ந்தவர். அங்கும் "மணமானவர்". எனக்குத் தெரிந்த விதவைகள் பெயரையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒருத்தர்கூடத் தப்பவில்லை.

அக்செஸ் என்ற மென்பொருளில் அந்த டேபிளை அமைத்தது நான். அதற்கு முன்னால் அந்தக் கட்டத்தில் ஆளாளுக்கு வாயில் வந்ததை அடித்து வைத்திருந்தார்கள். விதவைகளின் பிள்ளைகளுக்கு மில் கொடுக்கும் படிப்பு உதவிக்கு ஆள் கணக்கெடுத்தால், ஒவ்வொரு முறையும் யாராவது விட்டுப்போவார்கள். அதனால் அதை லுக்-அப் ஃபீல்டாக மாற்றினேன். அப்படிச் செய்தால் அந்தக் கட்டத்துக்குள் சொல்லே இருக்காது. வெறும் எண்தான் இருக்கும். எந்த எண்ணுக்கு எந்தச் சொல் என்பது தனியாக ஒரு சின்ன டேபிளில், ஒரே ஓர் இடத்தில் எழுதியிருக்கும். பெரிய டேபிள் அங்கே எட்டிப் பார்த்துச் சொல்லைக் காட்டும். ஒன்று, மணமாகாதவர். இரண்டு, மணமானவர். மூன்று, விதவை. முதன்முதலில் மூன்றைத் தேர்ந்தெடுத்தது என் பெயருக்கு நேராகத்தான். அப்போது ஆபீசில் ஒருவர், விதவை என்று போடாமல் கொஞ்சம் நல்ல சொல்லாகப் போடலாமே என்றார். சொல்லை மாற்றினால் என்ன மாறிவிடப் போகிறது என்று அவரிடம் வெடுக்கென்று கேட்டேன்.

சின்ன டேபிளைத் திறந்தேன். மூன்றுக்கு நேராகவும் "மணமானவர்" என்று இருந்தது.

"இதை யார் அண்ணாச்சி தொட்டது?"

"வைண்டிங்ல ஒரு பிள்ளை இருக்காள்லா, சின்ன வயசுலயே புருசன் போனவ. ஆனியில அய்யனார் கோவில்ல வச்சு மறு கல்யாணம் முடிச்சிட்டு, போன வாரம் மாப்பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வந்து நின்னா. எம்பேருக்கு நேரா இருக்க அந்தச் சொல்லை எடுத்துருங்க சார்னு ஒரே அழுகை. பாவமா இருந்துச்சு. லிஸ்டைத் தொறந்தேன், அந்தச் சொல்லு இருந்துச்சு, அழிச்சிட்டு மணமானவர்னு அடிச்சேன். அவ பேருக்கு நேரா சரியாத்தான மேடம் வந்துச்சு?"

சரியாகத்தான் வந்திருந்தது. அந்தப் பெண்ணின் கட்டத்தில் மூன்றை எடுத்துவிட்டு இரண்டைப் போட்டிருக்க வேண்டும். மனிதர் மூன்றின் அர்த்தத்தையே மாற்றிவிட்டார். பாக்கெட் பட்டியலோ சொல்லைப் பார்த்துத்தான் ஆட்களைப் பொறுக்கும். ஒருத்தி கல்யாணம் செய்துகொள்ள, மில்லில் இருந்த விதவைகள் அத்தனை பேருக்கும் ஒரே நொடியில் கல்யாணம் ஆகிவிட்டது. எனக்கும்.

அண்ணாச்சிக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. "பாக்கெட்டெல்லாம் காலையிலேயே செக்‌ஷனுக்குப் போயிருச்சே மேடம். அம்மா வேற செத்த நேரத்துல வந்துருவாக. நான் ஓடிப்போயி வாங்கிட்டு வந்துருதேன்."

அவர் எழுந்துவிட்டார். இவர் போய் ஒவ்வொருத்தி முன்னாலும் கையை நீட்டுவார். சுற்றி நிற்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்க அவள் வளையலைக் கழற்ற வேண்டும். நாலு பேர் முன்னால் கையிலிருந்து வளையலை எடுப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் கணவரின் காரியத்தன்று என் கையிலிருந்து எடுத்தார்கள். அந்தக் கோபம் இன்னும் எனக்கு அடங்கவில்லை.

"நீங்க உக்காருங்க. ஒருத்தர் கையிலயும் கை வைக்கக் கூடாது. நான் போறேன்."

ரீலிங் பிரிவில் அந்த அக்கா இரண்டு கையிலும் பச்சை வளையலோடு அறுந்த நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். வரும் வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் மிஷின் சத்தத்தில் எங்கே போயின என்று தெரியவில்லை. "அக்கா, இந்தப் பாக்கெட்டு" என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

"தப்பா வந்துருக்கு. அதைச் சொல்லத்தான தாயி வந்த?"

"தெரியுமா உங்களுக்கு?"

"எம்புருசன் போனது எனக்குத் தெரியாதா? எம்பேரு போட்டு, எங்கை அளவும் போட்டு வந்துருக்கு. தப்புன்னு தெரிஞ்சுதான் போட்டுக்கிட்டேன். குங்குமத்தைத் தொடல, அது வேற. யாராச்சும் வந்து கேக்கதுக்கு முன்னாடி வளையலைப் போட்டுருவோம்னு போட்டேன். இப்பக் கழத்தணுமா?"

"வேண்டாம்" என்றேன். யாரையும் கேட்காமல்தான் சொன்னேன்.

அவர் என் வெறுங்கையைப் பார்த்தார். "உனக்கும் வந்துச்சாக்கும்?"

தலையை ஆட்டினேன். அவர் அறுந்த நூலை எடுத்து முடியத் தொடங்கினார்.

முதலாளி வீட்டு அம்மா வந்ததும் நடந்ததை நானே சொன்னேன். அண்ணாச்சி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அம்மா நெஞ்சில் கை வைத்தபடி உட்கார்ந்துவிட்டார்கள். "போட்டவங்களைக் கழட்டச் சொல்ல வேண்டாம்" என்று மெதுவாகச் சொன்னார்கள். எழுந்து போகும்போது, "அதைச் சரி பண்ணிரும்மா. அடுத்த வருசம் இப்படி ஆகிறக் கூடாது" என்றார்கள்.

சரி செய்யாமல் விடவும் முடியாது. அந்தச் சொல் இல்லாவிட்டால் பிள்ளைகளின் படிப்பு உதவி நின்றுவிடும். டைம் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து, முதலில் மறுமணம் செய்துகொண்ட பெண்ணின் கட்டத்தில் மூன்றை மாற்றி இரண்டாக்கினேன். இல்லையென்றால் நான் சொல்லைத் திருத்திய மறுகணம் அவள் புதுமாப்பிள்ளையும் செத்திருப்பான். பிறகு சின்ன டேபிளைத் திறந்து, மூன்றுக்கு நேராக இருந்ததை அழித்தேன். ஒரு சொல் அடித்தால் போதும். கை போகவில்லை.

காலையில் அங்கே விட்டுப்போயிருந்த என் பாக்கெட்டைப் பிரித்தேன். வளையல்களை ஒவ்வொன்றாக இரண்டு கையிலும் போட்டுக்கொண்டேன். அளவு சரியாக இருந்தது. அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். நான் விதவை என்று அடித்தேன். ஒவ்வொரு எழுத்துக்கும் வளையல் கீபோர்டில் இடித்துச் சத்தம் போட்டது. சேமித்துவிட்டு, என் பெயரைத் திறந்து பார்த்தேன். சரியாக வந்திருந்தது.