பரீத் பாயின் எண்பத்து மூன்று திருத்தங்கள்

“இருங்க, இருங்க... வாத்தியாரு ‘ஒரு ஆர்ட்டின்’னு ஆரம்பிச்சி, எங்கிட்ட ஆர்ட்டினே இல்லன்னா?” என்று தன் சீட்டாட்டக் கூட்டாளியை நினைத்துத் தன்னையே கேட்டுக்கொண்டு, பேரிங் டப்பாவின் அட்டையைக் கிழித்து எழுதுகிறார் ஷேக் பரீத். பம்பு செட்டுக்கு பேரிங் வாங்கக் களமருதூரிலிருந்து வந்தவர் கால் மணி நேரமாக எதிரே நிற்கிறார்.

“பாய், பயிரு காயுதுங்க.”

“காயட்டும்... அய்யய்யோ, இல்லீங்க, இன்னா நம்பர் கேட்டீங்க?”

கள்ளக்குறிச்சியில் மோட்டார் உதிரிபாகம் விற்கும் பரீத் பாய்க்கு வயது ஐம்பத்திரண்டு. மனமகிழ் மன்றத்துக் கிணற்று மோட்டாரைப் பார்க்கப் போனவரை, பிரிட்ஜ் சீட்டாட நாலாவது ஆள் இல்லையென்று ஒரு டாக்டர் பிடித்து உட்கார வைத்தார். உட்கார்ந்தவர் இருபது வருஷமாக எழுந்திருக்கவில்லை. அந்த மோட்டார் அதற்கப்புறம் ஓடியதாகவும் தெரியவில்லை.

பிரிட்ஜில் எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு கூட்டு. கூட்டாளியிடம் தன் கையிலுள்ள சீட்டைப் பற்றி மூச்சு விடக் கூடாது. ஆட்டத்துக்கு முன் நடக்கும் ஏலத்தில் ‘ஒரு கிளாவர்’, ‘ரெண்டு டைமன்’ என்று கேட்பது மட்டும்தான் பேச்சு. மேலே கேட்காதவர் ‘பாஸ்’ என்பார்; மற்ற மூவரும் பாஸ் சொல்லிவிட்டால் கடைசியாகக் கேட்டதே துருப்பு. எதைக் கேட்டால் என்ன அர்த்தம் என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளலாம். எதிராளி விசாரித்தால் அந்த ஏற்பாட்டை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஊரில் மற்றவர்களுக்கு இந்த ஏற்பாடு அரைப் பக்கம். பாய்க்கு ஒரு முழுநீள நோட்டும் எண்பத்து மூன்று திருத்தங்களும். தோற்றால் தப்பு ஆளிடம் இல்லை, விதியில்தான் என்பது அவர் கட்சி. எதிர்க்கட்சியில் பத்து வருஷமாக உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவர்கள் நோட்டு தடிக்கத் தடிக்க எனக்கு ஆட்டம் சுலபமாகிக்கொண்டே வந்தது.

கூட்டாளி தெய்வசிகாமணி, வெள்ளிமலையில் வாத்தியார். அங்கே போன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைதான் இறங்கி வருவார். அதுவரை பாய்க்குப் பொறுக்குமா? திருத்தங்கள் காலைப் பஸ்ஸில் மலையேறும். கண்டக்டர் சின்னராசு அவற்றைப் படித்துப் படித்தே பாதி ஆட்டம் கற்றுக்கொண்டான்.

“பாய், போன வாரத்து சீட்டையே அவரு இன்னும் படிச்சிக்கினு இருக்காரு. அதுக்குள்ள இன்னொண்ணா?”

“இது அவசரம்டா. குடு போ.”

வீட்டில் மனைவி மெகருன்னிசாவுக்கு வேறு குறை. “அந்த வாத்தியாரு ‘ரெண்டு’ன்னா இன்னா அர்த்தம்னு ஆறு வாரமா யோசிக்கிறாரு. நான் தமிழ்ல சொல்றது இந்த மனுசனுக்கு ஏறமாட்டேங்குது.”

அந்த ஆறு வாரச் சண்டை ‘ரெண்டு டைமன்’ பற்றியது. டைமன் ஆறு இருக்கிறது, மற்றபடி கை பஞ்சம் என்று அதற்கு அர்த்தம் வைக்க வேண்டும் என்றார் பாய். கை பிரமாதம், டைமனைப் பற்றிப் பேச்சே இல்லை, பாஸ் சொல்லி என் கழுத்தை அறுக்காதே என்று அர்த்தம் வைக்க வேண்டும் என்றார் வாத்தியார். சேலம் போட்டி நெருங்கியது. மூன்று வருஷமாக முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்வும் போட்டி அது.

“இந்த வாட்டியும் கவுந்தோம்னா பாய், நான் நம்ம மன்றத்து இஞ்சினியர்கூட உக்காந்துக்கறேன். கோவிச்சிக்காதீங்க” என்று வாத்தியார் சொல்லிவிட்டார்.

பாய் ஆடிப்போனார். சிரித்துக்கொண்டே எழுதுகிறேனே தவிர, அன்று அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. வாத்தியார் இல்லாத ஞாயிற்றுக்கிழமையை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வியாழக்கிழமை மனதைக் கல்லாக்கிக்கொண்டு எழுதினார்: ‘உங்கள் அர்த்தமே இருக்கட்டும்.’ சீட்டு மலையேறியது. அதே காலையில் கீழே வந்த பஸ்ஸில் வாத்தியாரின் சீட்டு: ‘உங்கள் அர்த்தமே இருக்கட்டும்.’ கச்சிராயபாளையத்தைத் தாண்டி ஏதோ ஒரு வளைவில் இரண்டு பஸ்ஸும் ஒன்றுக்கொன்று வழிவிட்டிருக்கும்.

பாய் அதை மூன்று முறை படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். “பாத்தீங்களா, வழிக்கு வந்துட்டாரு!”

“நீங்களும்தானே விட்டுக்கொடுத்து எழுதியிருக்கீங்க?”

“அது அவரு ஒத்துக்கறதுக்கு முன்னாடிங்க. இப்ப அவரே ஒத்துக்கினாரே!”

மலைமேல் வாத்தியாரும், பாயின் சீட்டைப் படித்துவிட்டு, அச்சு அசலாக இதையே நினைத்திருக்கிறார். அது பின்னால்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பாயும் வேடிக்கை பார்க்க நானும் சின்னசேலத்தில் ரயிலேறிச் சேலம் போய்விட்டோம். மலைப் பஸ் பஞ்சராகி, மேஜையில் சீட்டைக் கலைத்துப் போட்ட பிறகுதான் வாத்தியார் மூச்சிரைக்க வந்து உட்கார்ந்தார். பேச நேரமில்லை. தன் சீட்டை விரித்துப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

“ரெண்டு டைமன்” என்றார்.

பக்கத்திலிருந்த எதிராளி, ஒரு வக்கீல், பாயைக் கேட்டார்: “உங்க ஏற்பாட்டுல இதுக்கு என்னங்க அர்த்தம்?”

“டைமன் ஆறு. கைல சத்து கம்மி” என்றார் பாய் பெருமையாக.

கூட்டாளி தப்பாகச் சொன்னாலும் ஏலம் முடியும்வரை கண்ணைக்கூட அசைக்கக் கூடாது என்பது விதி. வாத்தியார் முகத்தில் ஈயாடவில்லை. வக்கீல் பாஸ். பாய் பாஸ். மற்றவரும் பாஸ்.

வாத்தியாரிடம் இஸ்பேட் மட்டும் ஏழு, ஆஸ் மூன்று, ராஜா மூன்று. டைமன் ஒன்றே ஒன்று. ஆட்ட விதிப்படி பாய் மேஜைமேல் பரப்பிய சீட்டில் டைமன் மூன்று. ஆகத் துருப்பு இவர்களிடம் நாலு, எதிராளிகளிடம் ஒன்பது. மேலே விவரிக்க எனக்கு மனம் வரவில்லை. முதல் சுற்றிலேயே வெளியே வந்தார்கள்.

வாசலில் வாத்தியார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றார். பாய் தூண்மேல் காகிதத்தை வைத்து என்னவோ எழுதி, தலை நிமிராமல் நீட்டினார்.

‘திருத்தம் 84: இருவரும் ஒரே நாளில் விட்டுக்கொடுத்தால் இரண்டும் செல்லாது.’

வாத்தியார் அதைப் படித்தார். பையை இறக்கிக் கீழே வைத்தார். பேனாவை வாங்கி, ‘ஒரே நாளில்’ என்பதை அடித்துவிட்டு ‘ஒரே வாரத்தில்’ என்று எழுதினார்.

“வாரம்லாம் ரொம்ப ஜாஸ்திங்க, வாத்தியாரே” என்று பரீத் பாய் பேனாவைத் திரும்பப் பிடுங்கினார்.