புகை வந்த வீடு

தக்கலைப் பக்கம் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு மதியம் இலவசமாகக் கஞ்சி ஊற்றத் தொடங்கினார்கள். வீடு வீடாகப் போய்த் தாய்மாரிடம் சொல்லி, கஞ்சிக்குப் பிள்ளைகளின் பேரை எழுதிக்கொள்வது ஆசிரியையான என் வேலை. காலையில் கூரையில் புகை வராத வீடுகளாகப் பார்த்துப் போனேன். தாயம்மாள் வீட்டில் தினமும் புகை வந்ததால் அவளிடம் சொல்லவில்லை.

ஒருநாள் அவள் மகள் செல்லம் வகுப்பில் மயங்கி விழுந்தாள். வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அடுப்பில் பானை கொதித்துக்கொண்டிருந்தது. கஞ்சித் தண்ணீர் கொடுக்கலாமென்று மூடியைத் திறந்தால், உள்ளே ஒரு பருக்கை இல்லை, வெறும் தண்ணீர்.

"பொகை வரல்லேண்ணா ஊருக்குத் தெரிஞ்சு போவும்லா, டீச்சரே" என்றாள் தாயம்மாள்.

செல்லம் பிழைத்துக்கொண்டாள். ஆனால் இன்றைக்கும் என் வீட்டு உலை கொதிக்கும்போது அந்தப் பானையின் சத்தமே காதில் விழுகிறது.

இப்போது புகை வரும் வீடுகளுக்கும் போகிறேன். கையில் தேங்காய்ச் சிரட்டையோடு, தீக்கங்கு கேட்டு வந்தவளைப் போல அடுக்களைக்குள் நுழைவேன். தீ கேட்டு வருபவளை எங்கள் பக்கம் யாரும் வாசலில் நிறுத்துவதில்லை. தீயை எடுத்தபடியே பானையைப் பார்த்துக்கொள்வேன். திரும்பும்போது, "பள்ளிக்கூடத்துல கஞ்சி மிஞ்சிப் போவுது மக்கா, பிள்ளைய அனுப்பி வுடு" என்பேன்.

கஞ்சி ஒருநாளும் மிஞ்சியதில்லை.